அந்நிய நாட்டில் ஒரு மாணவன்: லூ சுன்னின் யப்பானிய ஆண்டுகள் பற்றிய ஒரு நோக்கு

கல்வியின் பொருட்டுப் பிறநாடு செல்லும் மாணவன் அங்குள்ள வாழ்வுக்குத் தன்னை எவ்வாறு இசைவாக்கிக் கொள்கிறான் என்பது குறித்து, இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் மேலைத்தேயச் சமூகவியலாளரும் உளவியலாளரும் ஏராளமாக எழுதியுள்ளனர். இவ்வெழுத்துக்களுள் பலவற்றுக்கு மூலமாக அமைந்தது 1955 ஆம் ஆண்டில் ஸ்வெரே லீஸ்கார்ட் வெளியிட்ட ஆய்வாகும். புல்பிரைட் புலமைப்பரிசில் பெற்று ஐக்கிய அமெரிக்கா சென்று திரும்பிய 200 நோர்வேஜியரை விசாரித்த அவர், சென்ற புதிதில் மகிழ்ச்சி, 6 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடைப்பட்ட காலத்திற் சோர்வு, அதன் பின்னர் மீண்டும் மனநிறைவு என்ற முடிவுக்கு வந்தார். வரைபடத்தில் ஆங்கில யூ எழுத்துப் போல இறங்கி ஏறும் இக்கோடு காலப்போக்கிற் பெரும் செல்வாக்குப் பெற்றது. 1960 இல் கலெர்வோ ஒபெர்க் என்னும் மானிடவியலாளர் 'பண்பாட்டு அதிர்ச்சி' பற்றி எழுதிய கட்டுரை அதற்கு மேலும் வலுவூட்டிற்று.

இக்கோடு முற்றிலும் பொய் என்று நாம் கூறவில்லை. ஆயின் அது எத்தகைய மாணவரிடமிருந்து பெறப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. நோர்வேயும் ஐக்கிய அமெரிக்காவும் 1949 முதல் ஒரே இராணுவக் கூட்டணியைச் சேர்ந்தவை. அமெரிக்க வகுப்பறையில் நோர்வேஜியன் விருந்தாளியாக அமர்ந்தான். தன் நாட்டை யுத்தகளமாக்கி, அதன் பகுதிகளைத் தமதாக்கிக் கொள்ள முனையும் ஓர் அரசின் கல்லூரியிற் கற்கச் செல்லும் மாணவனுக்கு 'இசைவாக்கம்' என்ற சொல் என்ன பொருளைத் தரும்? அவன் எதற்கு இசைந்து போகிறான்? இசைந்து போவதுதான் அவனது வெற்றியா? இவ்வினாக்களை எழுப்புவதற்கு வாய்ப்பான ஓர் எடுத்துக்காட்டாக நாம் லூ சுன்னை எடுத்துக் கொள்கிறோம். கே. கணேஷின் மொழிபெயர்ப்பு வழியாக ஈழத்து வாசகர் அவரை ஒரு சிறுகதை ஆசிரியராக நன்கறிவர். 1902 முதல் 1909 வரை ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் அவர் யப்பானில் ஒரு வெளிநாட்டு மாணவராக வாழ்ந்தார் என்பது நம்மிடையே போதிய கவனத்தைப் பெற்றதாகத் தெரியவில்லை.

பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். 1894-95 இல் நடந்த யுத்தத்தில் சீனா யப்பானிடம் தோற்றது. பல நூற்றாண்டுகளாகத் தன்னிடம் எழுத்தையும் தத்துவத்தையும் கற்ற ஒரு சிறிய நாட்டிடம் தோற்ற பேரரசு, மறு ஆண்டிலேயே, 1896 இல், 13 மாணவரை அந்நாட்டுக்கு அனுப்பியது. அவர்களுட் சிலர் உணவு ஒவ்வாமையாலும், தமது தலைச் சடையைக் கண்டு தெருச் சிறுவர் செய்த கேலியைத் தாங்காமலும் சில வாரங்களுள் நாடு திரும்பிவிட்டனர். பத்தாண்டுகள் கழிந்தபோது நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. 1905 இற் பழைய அரசாங்கப் பரீட்சை முறை ஒழிக்கப்பட்டது. பிறநாட்டுப் பட்டமே உத்தியோகத்துக்கான புதிய வாயிலாயிற்று. 1905-06 அளவில் யப்பானிலிருந்த சீன மாணவர் தொகை ஏறத்தாழ 8,000 என மதிப்பிடப்படுகிறது. ஐரோப்பா தூரம், செலவும் அதிகம்; யப்பான் அண்மையில் இருந்தது. சிதைந்து கொண்டிருந்த மஞ்சு அரசு தனக்கு வேண்டிய அதிகாரிகளை உருவாக்கவே இம்மாணவரை அனுப்பியது. அவர்களுட் கணிசமானோர் அவ்வரசைக் கவிழ்க்கும் இயக்கங்களிற் சேர்ந்தமை அவ்வரசு எதிர்பாராத விளைவாகும்.

இம்மாணவருள் ஒருவரே சௌ சூரென். லூ சுன் என்பது 1918 இல் அவர் பூண்ட புனைபெயர்; வசதி கருதி அதனையே இங்கு ஆளுகிறோம். 1881 இற் சேச்சியாங் மாகாணத்து ஷாவோசிங் நகரிற் பிறந்த அவர், வீழ்ச்சியுற்ற ஓர் உத்தியோகக் குடும்பத்தின் மூத்த மகன். பாட்டனார் பரீட்சை இலஞ்ச வழக்கொன்றிற் சிறைப்பட்டார். தந்தையார் நோயுற்றுக் கிடந்து 1896 இல் இறந்தார். அடகுக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் மாறிமாறி நடந்த சிறுவயது நினைவை லூ சுன் இறுதிவரை மறக்கவில்லை. நான்கிங்கில் முதலிற் கடற்படைப் பள்ளியிலும், பின்னர் சுரங்க, புகையிரதப் பள்ளியிலும் அவர் சேர்ந்தமைக்குக் காரணம் அங்கு கட்டணம் இல்லாமையே. மரபுவழிப் பரீட்சைக்குப் படிக்க வசதியற்றவரே அக்காலத்தில் இத்தகைய 'அந்நியக் கல்வி'யை நாடினர். ஹக்ஸ்லியின் பரிணாமக் கொள்கையை யென் பூ 1898 இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பின் வாயிலாக அவர் பயின்றதும் அங்கேதான். வலியவை வாழும், மெலியவை அழியும் என்று கற்றுக் கொண்ட ஓர் இளைஞன் அரசாங்கப் புலமைப்பரிசிலுடன் 1902 மார்ச்சிற் கப்பலேறினான்.

டோக்கியோவில் அவர் சேர்ந்த இடம் கோபுன் கல்லூரி. சீன மாணவருக்கு யப்பானிய மொழியையும் அடிப்படைப் பாடங்களையும் கற்பிப்பதற்கென ஏற்பட்ட இந்நிறுவனத்தின் தலைவர் ஜூடோவின் தந்தையெனக் கருதப்படும் கனோ ஜிகோரோ ஆவார். வெளித்தோற்றத்தில் லூ சுன்னின் இசைவாக்கம் விரைவாகவே நிகழ்ந்தது. மொழியை நன்கு கற்றார். யப்பானிய உடையை அணியப் பழகினார். 1903 இல் தம் சடையைக் களைந்தார். சடை வெறும் மயிரன்று. மஞ்சுக்கள் 1645 இல் ஹான் சீனர்மீது வாளின் முனையிற் சுமத்திய அடிமைச் சின்னம் அது. அதனை வெட்டுவது அரசுக்கெதிரான செயல். ஆனால் அதே சடையைத்தான் டோக்கியோத் தெருச் சிறுவர் பன்றிவால் என்று பழித்தனர். ஆகவே அதனை வெட்டும்போது புரட்சிக்காரனின் கோபமும், கேலிக்கு அஞ்சும் அந்நியனின் நாணமும் ஒரே கத்தரிக்கோலில் இணைந்திருந்தன. இவ்விரண்டையும் பிரித்தறிதல் அம்மாணவனுக்கே இயலாதிருந்திருக்கும் என நாம் கருதுகிறோம்.

அவ்வாண்டில் அவர் சேச்சியாங் மாணவரின் சஞ்சிகையிற் பண்டைய ஸ்பார்ட்டாவின் வீரம் பற்றியும் ரேடியம் பற்றியும் எழுதினார். ஜூல்ஸ் வேர்ணின் சந்திரப் பயண நாவலை யப்பானிய மொழிபெயர்ப்பின் வழியாகச் சீனமாக்கினார். வீரமும் விஞ்ஞானமும் நாட்டை மீட்கும் என்ற நம்பிக்கை இவற்றிலெல்லாம் தெரிகிறது. ஆனால் சக மாணவரைப் பற்றிய அவர் பார்வை வேறுவிதமானது. சடையைச் சுருட்டித் தொப்பிக்குள் மறைத்து, தலையில் ஒரு பியூஜி மலையைச் சுமந்தவாறு செர்ரிப் பூக்களைக் காண உவேனோ பூங்காவிற் கூடியோரையும், மாணவர் மன்றத்தில் தளம் அதிர மேனாட்டு நடனம் பயின்றோரையும் பிற்காலத்தில் அவர் ஏளனத்துடன் நினைவுகூர்ந்தார். 1904 இல் வைத்தியம் கற்கத் தீர்மானித்தபோது, சீன மாணவர் எவருமில்லாத கல்லூரி என்பதற்காகவே வடகிழக்கிலுள்ள சென்டாய் நகரை அவர் தேர்ந்தெடுத்தார். அந்நிய நாட்டில் முதலில் அவர் விட்டோட விரும்பியது அந்நியரை அன்று, தம்மவரை. இது உளவியற் கோட்டில் எந்தப் புள்ளியிற் குறிக்கப்படும் என்று நமக்குத் தெரியவில்லை.

வைத்தியத்தைத் தேர்ந்தமைக்கு அவர் கூறிய காரணங்கள் தெளிவானவை. தந்தையைப் போல ஏமாற்றப்பட்ட நோயாளரைக் காப்பாற்றுவது, யுத்தம் வந்தாற் படைவைத்தியராகப் பணிபுரிவது, மக்களிடையே சீர்திருத்தத்தில் நம்பிக்கையூட்டுவது. யப்பானின் புத்தெழுச்சிக்கு மேலைத்தேய வைத்தியக் கல்வி பெரிதும் உதவியது என்று அவர் படித்திருந்தார்.

சென்டாய் வைத்தியக் கல்லூரியில் அவர் ஒருவரே சீனர். கல்லூரி கட்டணம் அறவிடவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை அவர் வருகையைச் செய்தியாக வெளியிட்டது. சில அலுவலர் அவருடைய உணவு, உறைவிடம் பற்றிக் கவலை கொண்டனர். அரிதானது மதிக்கப்படும் என்று கூறி, வடநாட்டு முட்டைக்கோவா தென்னாட்டுக் கடையிற் சிவப்பு நூலிற் கட்டித் தொங்கவிடப்படுவதைப் போன்றது தம் நிலை என்று அவர் பின்னாளிற் சிரித்துக் கொண்டார். முதலில் அவர் தங்கிய வீடு சிறைச்சாலைக்கு அருகில் இருந்தது. நுளம்புத் தொல்லைக்குத் தலையைத் துணியாற் சுற்றி மூக்குத் துவாரத்தை மட்டும் வெளியே விட்டுத் தூங்கப் பழகினார். ஆனால் அவ்வீட்டார் சிறைக்கைதிகளுக்கும் உணவு சமைத்தமையால் அங்கு தங்குதல் தகாது என ஓர் ஆசிரியர் வற்புறுத்தினார். புதிய வீட்டிலோ நாள்தோறும் விழுங்கமுடியாத சேம்பந்தண்டு இரசம். பரிவும் ஓர் ஆதிக்கமாதல் கூடும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

நினைவுக்குறிப்புக்கள் பின்னாள் மனநிலையாற் சாயமேற்றப்படுபவை. நற்பேறாக, சென்டாய் சேர்ந்த சில வாரங்களுள், 1904 ஒக்டோபர் 8 இல், நண்பர் ஒருவருக்கு லூ சுன் எழுதிய கடிதமொன்று எஞ்சியுள்ளது. அதில் நகைச்சுவை குறைவு, தனிமை அதிகம். பாடங்கள் யாவும் மனனஞ் செய்வதாகவே உள்ளன, சிந்திக்க நேரமில்லை என்று முறையிடுகிறார். யப்பானிய மாணவருடன் பழகிப் பார்த்ததில், எண்ணத்திலும் ஒழுக்கத்திலும் அவர்கள் நம் இளைஞரை விஞ்சியவர் அல்லர் என எழுதுகிறார். ஹரியட் பீச்சர் ஸ்டோவின் டொம் மாமாவின் கதையைச் சீன மொழிபெயர்ப்பில் நண்பர் அனுப்பியிருந்தார். அதைப் படித்து, கறுப்பு அடிமைகளின் கதியில் தம் நாட்டின் வருங்காலத்தைக் கண்டு கலங்குகிறார். இக்கடிதத்தை நாம் மிக முக்கியமான ஆவணமாகக் கருதுகிறோம். அந்நிய நகரில், தன்னினத்தார் எவருமில்லாத அறையில், 22 வயதைக் கடந்து சில நாட்களேயான - சரியாகக் கூறின் 23 வயது நிரம்பிய - ஓர் இளைஞன் தன் துணையைத் தேடுவது யப்பானியரிடத்தும் அன்று, சீனரிடத்தும் அன்று, அமெரிக்க அடிமைகளிடத்து. பின்னாளில் அவர் மேற்கொண்ட இலக்கியப் பணியின் திசை இங்கேயே தெரிகிறது. அதற்கு எந்தப் படக்காட்சியும் தேவைப்படவில்லை.

உடற்கூற்றியல் ஆசிரியர் புஜினோ கென்குரோ பற்றி உலகறியும். வாரந்தோறும் அவருடைய பாடக்குறிப்புக்களை வாங்கி, விடுபட்டவற்றைச் சேர்த்து, இலக்கணப் பிழைகளைக்கூடச் சிவப்பு மையினாற் திருத்திக் கொடுத்தார். முன்கையின் இரத்தக் குழாயை அழகு கருதி இடம் மாற்றி வரைந்ததற்காக, உடலுறுப்பு உள்ளபடியே வரையப்பட வேண்டும் என மெதுவாகக் கண்டித்தார். சீனர் ஆவிகளை மதிப்பவராதலாற் பிணத்தை அறுக்கத் தயங்குவரோ என்று அஞ்சியிருந்து, அவ்வாறு நேராமை கண்டு ஆறுதலடைந்தார். சீனப் பெண்களின் கட்டப்பட்ட பாதங்களில் எலும்பு எவ்வாறு உருமாறுகிறது என்று ஒருமுறை வினவினார். தூய விஞ்ஞான ஆர்வத்தில் எழுந்த அவ்வினா மாணவனைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. இவ்விருவரிடையேயான உறவு ஏகாதிபத்திய யுகத்திலும் மனித உறவு சாத்தியம் என்பதற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அது சரியே. ஆனால் அவ்வுறவின் விலையையும் நோக்க வேண்டும்.

முதலாண்டுப் பரீட்சையில் 142 மாணவருள் லூ சுன் 68 ஆவது இடத்தைப் பெற்றார். சராசரி 65.5 புள்ளிகள். நடுத்தரமான பெறுபேறு. அதுவே சிலருக்குப் பொறுக்கவில்லை. அவருடைய குறிப்பேடுகள் சோதிக்கப்பட்டன. பாவத்துக்கு வருந்தும்படி கூறும் தொடக்கத்துடன் ஒரு மொட்டைக்கடிதம் வந்தது. புஜினோ குறிப்பேட்டில் அடையாளமிட்டு வினாக்களை முன்கூட்டியே காட்டிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. வகுப்புத் தோழர் சிலரே அவருக்காக வாதாடினர் என்பதும், வதந்தி பின்னர் அடங்கியது என்பதும் குறிப்பிடத்தக்கன. எஞ்சியுள்ள புள்ளிப் பதிவுகளை நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. புஜினோ கற்பித்த உடற்கூற்றியலில் லூ சுன் பெற்றது 59.3. அவர் சித்தியெய்தத் தவறிய பாடம் அது ஒன்றே. அன்பாற் குறிப்பேட்டைத் திருத்திய ஆசிரியர் பரீட்சைத் தாளில் ஓர் அரைப் புள்ளியும் கூட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் குற்றஞ் சாட்டியோருக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. வலுவற்ற நாட்டவன் 60 புள்ளிக்கு மேற் பெற்றாற் களவின்றி அது இயலாது என்ற அவர்களின் அனுமானத்தை லூ சுன் பின்னர் கசப்புடன் விளக்கினார். அக்காலத்தில் யப்பான் ருஷ்யாவை வென்று கொண்டிருந்தது. அவ்வெற்றியின் போதை வகுப்பறைக் கணக்கிலும் சேர்ந்தது.

யுத்தம் 1904 பெப்ரவரி முதல் 1905 செப்டெம்பர் வரை நடந்தது. யப்பானும் ருஷ்யாவும் போரிட்ட நிலம் சீனருடைய மஞ்சூரியா. 1906 இன் தொடக்கத்தில், பற்றீரியவியல் வகுப்பிற் பாடம் முடிந்து நேரம் எஞ்சியபோது, யுத்தச் செய்திக் காட்சிகள் கண்ணாடி வில்லைகள் மூலம் திரையிற் காட்டப்பட்டன. ருஷ்யருக்கு உளவு பார்த்ததாகக் கூறப்பட்ட ஒரு சீனன் கொல்லப்படுகிறான். சூழ நின்று பார்ப்போரும் சீனரே. வகுப்பு கைதட்டி ஆர்ப்பரிக்கிறது. உடல் வலிமை இருந்தும் உணர்வு மழுங்கிய மக்களுக்கு வைத்தியத்தால் ஆவதென்ன என்று கருதி இலக்கியத்தை நாடியதாக லூ சுன், தம் முதற் சிறுகதைத் தொகுதிக்கு 1922 டிசெம்பரில் எழுதிய முன்னுரையிற் கூறினார்.

இச்சம்பவம் பாடநூற் கதையாகிவிட்டது. ஆய்வாளர் என்ற வகையில் நாம் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். 1922 இன் முன்னுரையில் அவன் தலை வெட்டப்படுகிறான். 1926 இன் நினைவுக்குறிப்பிற் சுடப்படுகிறான். 1965 இல் அக்கல்லூரியின் வாரிசான டோஹொக்கு பல்கலைக்கழகத்தில் யுத்தக்கால வில்லைத் தொகுதியொன்று கண்டெடுக்கப்பட்டது. எஞ்சியிருந்த 15 வில்லைகளில் இக்காட்சி இல்லை. சில வில்லைகள் தொலைந்திருந்தமையால் இதனைக் கொண்டு எதனையும் மறுக்க இயலாது. இத்தகைய கொலைக் காட்சிகள் அக்கால யப்பானிய வெளியீடுகளில் இடம்பெற்றன என்பதும் மெய். 1944 இல் வெளிவந்த தம் நூலில் தகெயூச்சி யொஷிமி, படக்காட்சி ஒன்றே லூ சுன்னை இலக்கியத்துக்குத் திருப்பியது என்ற கதையை ஐயுற்றார். மொட்டைக்கடித அவமானத்தையும் இதனையும் சேர்த்தே நோக்க வேண்டும், அவர் சென்டாயை விட்டது அவமானத்தோடுதான் என்பது அவர் வாதம். நாம் இதனைப் பெரிதும் ஏற்கிறோம். ஆனால் அவமானம் என்ற தனிமனித உணர்வோடு நின்றுவிடுதல் போதாது. அவ்வறையில் யார் யார் இருந்தனர் என்று எண்ணிப் பார்ப்போம். திரையிற் கொல்லப்படுபவன், அதைச் சூழ நின்று பார்க்கும் கூட்டம். திரைக்கு வெளியே ஆர்ப்பரிக்கும் மாணவர், அவர்கள் நடுவே மௌனமாய் ஒருவர். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். திரையிலுள்ள கூட்டத்தை அவர் கண்டித்தபோது, இருக்கையில் அமர்ந்திருந்த தம்மையும் அக்கூட்டத்திற் சேர்த்தே கண்டித்தார் என்று கொள்ளல் வேண்டும். அவருடைய கதைகளில் வேடிக்கை பார்க்கும் கூட்டம் மீண்டும் மீண்டும் தோன்றுவதற்கும், கதைசொல்லி ஒருபோதும் நிரபராதியாக நிற்காததற்கும் வேர் இங்குள்ளது.

அதே மாரிகாலத்தில் டோக்கியோவில் வேறொரு நாடகம் நடந்தேறியிருந்தது. 1905 நவம்பரில் யப்பானியக் கல்வி அமைச்சு சீன மாணவரைக் கட்டுப்படுத்தும் விதிகளைப் பிறப்பித்தது. மாணவர் வகுப்புக்களைப் பகிஷ்கரித்தனர். பெரும் பத்திரிகையொன்று அவர்களைக் கட்டுப்பாடற்றவர், இழிந்தவர் என எழுதியது. அதனைப் பொய்யாக்குமாறு தோழருக்கு வேண்டுகோள் எழுதிவைத்து, சென் தியன்ஹுவா என்ற மாணவர் டிசெம்பர் 8 இல் ஓமோரிக் கடலில் இறங்கி உயிர்நீத்தார். பலர் நாடு திரும்பினர். அவர்களுள் லூ சுன்னின் ஊரோடு தொடர்புடைய சியூ ஜின் என்ற பெண்ணும் ஒருவர். 1907 ஜூலையில் ஷாவோசிங்கில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். 1919 இல் லூ சுன் எழுதிய 'மருந்து' என்ற கதையிற் கொல்லப்படும் இளைஞனில் அவர் நிழல் உள்ளது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

1906 மார்ச்சில் லூ சுன் சென்டாயை விட்டார். புஜினோ வருந்துவதைக் கண்டு, உயிரியல் கற்கப் போவதாகப் பொய் கூறினார். அக்கோடையில் தாயார் அழைக்க ஊர் சென்று, முன்பே நிச்சயிக்கப்பட்ட சூ ஆன் என்ற பெண்ணை மணந்தார். சில நாட்களில் அவரை மாமியாருடன் விட்டு, தம்பி சௌ சோரெனுடன் யப்பான் மீண்டார். கட்டிய பாதமுடைய, எழுத்தறிவற்ற அப்பெண்ணின் வாழ்வு முழுவதும் காத்திருத்தலாகவே கழிந்தது. புதுமையை நாடிப் பிறநாடு செல்லும் மாணவனின் வரலாற்றில், அவன் விட்டுச் சென்ற வீட்டின் வரலாறும் சேர்த்தெழுதப்பட வேண்டும். இதுபற்றி முற்போக்கு விமரிசகரும் அதிகம் பேசுவதில்லை.

இரண்டாவது டோக்கியோக் காலம் முதலாவதினின்றும் முற்றிலும் வேறுபட்டது. ஜெர்மன் மொழிப் பள்ளியொன்றிற் பெயரளவில் மாணவர். உண்மையில் தம் விருப்பப்படி கற்பவர். மருசென் புத்தகசாலையிலும் பழைய புத்தகக் கடைகளிலும் மலிவான ஜெர்மன் பதிப்புக்களைத் தேடினார். அவர் தேடியது கேத்தேயை அன்று. போலந்து, ஹங்கேரி, ருஷ்யா, பால்கன் நாடுகள் எனும் ஒடுக்கப்பட்ட, பின்தங்கிய தேசங்களின் எழுத்தை. 1908 இல் வெளிவந்த நீண்ட கட்டுரையொன்றில் பைரன், ஷெல்லி தொடங்கி மிக்கியேவிச், பெட்டோஃபி வரை எதிர்ப்புக் கவிஞரின் பரம்பரையை வரைந்தார். வாரந்தோறும் நாடு கடந்த புரட்சியறிஞர் சாங் பிங்லினிடம் பண்டைச் சீன எழுத்திலக்கணமும் கேட்டார். யப்பானில் அமர்ந்து, ஜெர்மன் வழியாகப் போலந்தையும், சாங்கின் வழியாகப் பண்டைச் சீனத்தையும் கற்ற இம்மாணவனை எந்தப் பண்பாட்டுக்கு இசைந்தவன் என்று கூறுவது? அவ்வாண்டில் அவரும் நண்பரும் வாடகைக்கு எடுத்த வீடு, முன்னர் நட்சுமே சோசெகி குடியிருந்தது. அந்த யப்பானிய நாவலாசிரியரும் 1900 முதல் 1902 வரை இலண்டனில் அரசாங்க மாணவராக இருந்து, தனிமையில் மனம் நொந்து திரும்பியவர். சீனனுக்கு முன்னேற்றத்தின் மாதிரியாய்த் தோன்றிய நாடு, இலண்டனில் தானும் தாழ்ந்த ஒரு மாணவனாகவே நின்றது.

1909 இற் சகோதரர் இருவரும் பிறநாட்டுக் கதைகளை இரு தொகுதிகளாக மொழிபெயர்த்து வெளியிட்டனர். டோக்கியோவில் முதற் தொகுதி 21 பிரதிகளும் இரண்டாவது 20 பிரதிகளும் விலைபோயின. ஜெர்மனி செல்லும் எண்ணமும் கைகூடவில்லை. தம்பி யப்பானியப் பெண்ணை மணந்திருந்தார். தாயாருக்கும் அவர்களுக்கும் பணம் தேவைப்பட்டது. லூ சுன் நாடு திரும்பியது குடும்பப் பொருளாதாரம் விதித்த முடிவேயன்றி உளவியல் வட்டம் நிறைவுற்றதன் பயன் அன்று.

ஷாங்காயில் இறங்கியதும் அவர் ஒரு பொய்ச் சடையை விலைக்கு வாங்கினார். ஊரில் அதனை அணிந்து நடந்தபோது உற்றுப் பார்த்தனர், கழற்றியபோது வைதனர். 'ஆ கியூவின் உண்மைக் கதை'யில், யப்பானிற் கற்றுத் திரும்பி, பொய்ச் சடையும் கைத்தடியுமாக வலம்வரும் 'போலி அந்நியப் பிசாசு' என்ற பாத்திரத்தை வாசகர் அறிவர். தம் தலையிலிருந்த பொருளையே எடுத்து அவர் அப்பாத்திரத்தின் தலையில் வைத்தார்.

1911 அளவில் ஷாவோசிங்கிற் பான் ஐநோங் என்ற பழைய டோக்கியோ மாணவரை அவர் மீண்டும் சந்தித்தார். முன்பு டோக்கியோக் கூட்டமொன்றில் லூ சுன்னை ஓயாது எதிர்த்துப் பேசியவர் அவர். எதற்காக அவ்வளவு வெறுப்பு என்று கேட்டபோது, பான் யோகோஹாமாவை நினைவூட்டினார். புதிதாக வந்திறங்கிய மாணவரை வரவேற்க லூ சுன் அங்கு சென்றிருந்தார். சுங்க அதிகாரி ஒரு பெட்டியைத் திறந்து, கட்டிய பாதத்துக்கான பூவேலைச் சப்பாத்துக்களை வெளியே எடுத்தார். லூ சுன் தலையசைத்தார். புகையிரதத்தில் அம்மாணவர் நீ இரு, நீ இரு என்று ஒருவருக்கொருவர் ஆசனத்தை உபசரித்து நிற்க, வண்டி குலுங்கிச் சிலர் விழுந்தனர். மீண்டும் தலையசைத்தார். பழைய மாணவனின் அலட்சியமான அந்த அசைவையே பான் ஆண்டுக்கணக்காக மறக்கவில்லை. அச்சப்பாத்துக்கள் அவர்களுடைய ஆசிரியரான சூ சீலினின் மனைவிக்குரியவை. அன்று விழுந்து எழுந்தவர்களுள் இருவர் 1907 இல் சூ சீலின் நடத்திய ஆன்கிங் எழுச்சியில் உயிர்கொடுத்தனர். யப்பானிய அதிகாரியின் கண்ணால் தம்மவரைப் பார்த்து நாணியவர், யாரைப் பார்த்துத் தலையசைத்தோம் என்பதை அறியப் பல ஆண்டுகள் சென்றன. பான் 1912 இல் நீரில் மூழ்கி இறந்தார்.

புஜினோ பற்றிய கட்டுரையும் பான் ஐநோங் பற்றிய கட்டுரையும் 1926 இல், ஒக்டோபரிலும் நவம்பரிலுமாக, சில வார இடைவெளியில் எழுதப்பட்டவை. பீகிங்கில் மாணவர் சுட்டுக் கொல்லப்பட்ட மார்ச் 18 சம்பவத்துக்குப் பின்னர் அந்நகரை விட்டு, அமோய்ப் பல்கலைக்கழகத்தில், மொழியும் மனிதரும் பழகாத ஒரு தென்கோடியில் அவர் தனித்திருந்த காலம் அது. அந்நியனாக இருத்தல் என்பதைச் சொந்த நாட்டிலேயே மீண்டும் பயின்றபோதுதான், யப்பானில் தம்மிடம் பரிவு காட்டிய ஒருவரையும், தாம் பரிவு காட்டத் தவறிய ஒருவரையும் அருகருகே வைத்து எழுத அவரால் முடிந்தது.

தம்பியின் கதையையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. அதே அறையில் வாழ்ந்து, அதே நூல்களை மொழிபெயர்த்த சௌ சோரென் 1911 வரை டோக்கியோவில் இருந்தார். உணவு, உடை, வீடு, பேச்சு யாவற்றிலும் அந்நாட்டை நேசித்தார். அந்நகரைத் தம் இன்னோர் ஊராகவே கருதினார். லீஸ்கார்டின் கோட்டிற்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. 1937 இல் யப்பானியர் பீகிங்கைக் கைப்பற்றியபோது அவர் வெளியேற மறுத்தார். 1941 இல் ஆக்கிரமிப்பு நிருவாகத்தின் கல்விப் பொறுப்பை ஏற்றார். யுத்தத்தின் பின் தேசத்துரோகக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டார். இசைவாக்கம் துரோகத்தில் முடியும் என்று இதிலிருந்து பெறுவது கொச்சையான தர்க்கமாகும். லூ சுன்னும் ஷாங்காயில் உச்சியாமா என்ற யப்பானியப் புத்தக வியாபாரியை இறுதிவரை நெருங்கிய நண்பராகக் கொண்டிருந்தார். ஆனால் அந்நிய நாட்டு வாழ்வின் இனிமையை மட்டும் கற்றவருக்கும், அந்நாட்டின் வகுப்பறையில் தம் இருக்கை எங்கே போடப்பட்டிருந்தது என்பதையும் கற்றவருக்கும் உள்ள வேறுபாடு, படைகள் ஊருக்குள் நுழைந்த வேளையிற் புலப்பட்டது என்று கூறலாம்.

புஜினோவின் பிற்கால வாழ்வும் நோக்கத்தக்கது. சென்டாய்க் கல்லூரி பேரரசுப் பல்கலைக்கழகத்தின் பகுதியாகத் தரமுயர்த்தப்பட்டபோது, உரிய பட்டமில்லாத அவர் 1915 இற் பதவியிழந்தார். புக்குயிப் பகுதியிலுள்ள தம் ஊரில் நாட்டுப்புற வைத்தியராக வாழ்ந்தார். பிரிவின்போது அவர் கொடுத்த புகைப்படத்தை லூ சுன் தம் சுவரில் மாட்டி வைத்திருந்தார். 1936 ஒக்டோபரில் லூ சுன் இறந்த பின்னர், பத்திரிகையாளர் அம்முதியவரைத் தேடிச் சென்றனர். 1937 மார்ச்சில் அவர் பெயரில் ஒரு சிறு குறிப்பு வெளிவந்தது. இளமையிற் சீன நூல்களைக் கற்றமையால் அந்நாட்டவரை மதிக்க வேண்டும் என்ற எண்ணம் தமக்கு இருந்ததென்றும், தாம் செய்தது மிகச் சிறிய உதவியே என்றும் அதிற் கூறினார். அப்புகைப்படத்தை எப்போது, எவ்வாறு கொடுத்தார் என்பது அவருக்கு நினைவில் இருக்கவில்லை.